இரண்டு பேர் ஓட்ட ஒரு பழைய பைபர் படகு: எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் பார்ப்பது

பழைய படகு பார்க்கப் போகிறவர்கள் அநேகமாக நேரே எஞ்சினிடம்தான் போய் நிற்பார்கள். நானும் அப்படித்தான் நின்றேன். எஞ்சின் நல்லதுதான். அதைப் பூட்டியிருந்த பலகைதான் உள்ளுக்குள் மக்கிப்போயிருந்தது. கல்குடாவுக்கு வெளியே வைத்து எஞ்சின் ஆடத் தொடங்கியபோதுதான் அது தெரிந்தது. மனிசி கயிறு போட்டு இழுத்துப் பிடித்திருக்க, மெதுவாக ஓட்டிக் கரை சேர்ந்தோம்.

அதன் பிறகு உறவுக்காரர், மத்திய கிழக்கில் இருந்து திரும்பியவர்கள், பென்ஷன் எடுத்த ஆசிரியர்கள் என்று பலரோடு படகு பார்க்கப் போயிருக்கிறேன். எல்லாரும் இடறுவது பார்க்கிற வரிசையில்தான். கீழே சொல்வது இலங்கையின் கிழக்குக் கரையில் கணவன் மனைவி இரண்டு பேர், கூலிக்கு ஆள் பிடிக்காமல், வாவியிலும் கரையை ஒட்டிய கடலிலும் ஓட்டுகிற படகுக்கு. ஆழ்கடல் தொழிலுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது.

1. கொண்டு போக வேண்டியவை

ஐந்து ரூபாய்க் குற்றி (நாணயம்) ஒன்று, சோக்குக் கட்டி, டோர்ச், அளவு நாடா, பிளக் கழற்றும் சாவி, பெரிய திருப்புளி, கழுவிக் காயவைத்த கண்ணாடிப் போத்தல், பழைய வெள்ளைத் துணி, லைஃப் ஜாக்கெட் இரண்டு. மனைவியையும் கட்டாயம் கூட்டிப் போங்கள். பாதிச் சோதனை அவ இல்லாமல் நடக்காது.

போகும் நேரம் காலை. மத்தியான வெயிலில் வெள்ளைப் படகைப் பார்த்தால் கண் கூசும், வெடிப்புத் தெரியாது.

2. படகை எங்கே கட்டப் போகிறீர்கள்?

இதை முடிவெடுக்காமல் படகு தேடாதீர்கள். கட்டும் இடம்தான் படகின் நீளத்தையும் பாரத்தையும் தீர்மானிக்கிறது.

மட்டக்களப்பு வாவிக்குள் கட்டினால் படகு பத்திரம். ஆனால் பாலமீன்மடு முகத்துவாரம் வருடம் முழுக்கத் திறந்திருப்பதில்லை. கோடையில் மண் மேடு விழுந்து மூடும். மழை பெய்து வாவி நிறைந்ததும் திறக்கும். திறந்த புதிதில் தண்ணீர் கடலுக்கு இழுக்கிற இழுவையில் புதியவர்கள் படகை விடவே கூடாது. பெரியகல்லாறு முகத்துவாரத்திலும் இதே கதைதான். ஆகவே வாவியில் கட்டுகிறவருக்கு, கடல் அமைதியாக இருக்கிற மாதங்களில் வழி மூடிக் கிடக்கலாம்.

வாழைச்சேனைப் பக்கம் கட்டினால் மீன்பிடித் துறைமுகம் வழியாகவே கடலுக்குப் போய்வரலாம். எரிபொருளும் திருத்துகிறவரும் பக்கத்திலேயே. புதிதாகத் தொடங்குகிற இருவருக்கு நான் சொல்கிற இடம் இதுதான்.

நாவலடி, களுவாஞ்சிகுடி, கல்முனை, சாய்ந்தமருது போன்ற திறந்த கரைகளில் ஒவ்வொரு முறையும் அலையை வெட்டி இறக்கி, அலையோடு ஏற்ற வேண்டும். கரையில் கைகொடுக்க ஆட்கள் இருந்தால் மட்டும் யோசியுங்கள். ஒலுவில் துறைமுக வாயில் மண் சேர்ந்து அடைபடுகிற இடம். அங்கே கட்ட நினைத்தால் அந்த மாத நிலைமையை அங்குள்ள படகுக்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

3. எந்தக் காற்றில் ஓடப் போகிறீர்கள்?

வாடைக்காற்று மாதங்களில், கார்த்திகை தொடங்கித் தை தாண்டும்வரை, நம் பக்கக் கடல் இரண்டு பேருக்கான கடல் அல்ல. 1978 நவம்பர் 23 சூறாவளியை நேரில் கண்ட பெரியவர்களிடம் கேட்டால் மீதியைச் சொல்வார்கள். அந்த மாதங்களில் வாவிக்குள் ஓடுங்கள்.

புதியவர்கள் ஏமாறுவது கச்சான் காலத்தில். மே முதல் செப்டெம்பர் வரை கரையோரம் குளம் போலக் கிடக்கும். காற்றுத் தரையில் இருந்து கடலுக்கு வீசுவதால் கரையில் அலை எழும்பாது. எஞ்சின் நின்றால் அதே காற்றுத்தான் உங்களை வெளியே, வங்காள விரிகுடாப் பக்கம், தள்ளிக்கொண்டு போகும். கரை கண்ணுக்குத் தெரியும், ஆனால் கிட்ட வராது. அதனால் கச்சானில் ஓடுகிற படகுக்கு நங்கூரமும் துடுப்பும் எஞ்சினுக்கு அடுத்த முக்கியம். பத்து மீற்றர் ஆழத்தில் நிற்க ஐம்பது மீற்றர் கயிறாவது வேண்டும். விற்கிற படகில் கிடக்கிற கயிறு பெரும்பாலும் அதில் பாதியும் இராது.

வாங்குவதற்கு நல்ல நேரம் செப்டெம்பர் கடைசி. மேற்குக் கரையில் இருந்து வந்து வாடி (கரையில் தற்காலிகக் குடிசை) போட்டுத் தொழில் செய்தவர்கள் ஊர் திரும்புகிற நேரம் அது. சிலர் படகைக் கொண்டுபோகாமல் விற்றுவிடுவார்கள். கடலில் ஓட்டிப் பார்க்கவும் காலநிலை இடம் கொடுக்கும். மார்கழியில் விலை இறங்கும் என்று காத்திருப்பவர்கள் உண்டு. விலை இறங்கும்தான், ஆனால் கடலில் ஓட்டிப் பார்க்காமல் வாங்க வேண்டி வரும்.

4. நீளமும் குதிரைவலுவும்

இங்கே கிடைப்பது பெரும்பாலும் 18, 19 அடிப் படகும் 23 அடிப் படகும். பெரியது பாதுகாப்பு என்று நினைத்து 23 அடிக்குப் போகிறவர்கள் முதல் நாளே கரையில் ஆள் தேடுவார்கள். மணலில் அதை நகர்த்த ஐந்தாறு பேர் வேண்டும். இரண்டு பேருக்கு 18 அல்லது 19 அடி போதும். அதையும் உருளைக்கட்டை வைத்து நீங்கள் இருவரும் ஒரு படகு நீளம் தள்ளிப் பாருங்கள். முடியாவிட்டால் அந்தப் படகு உங்களுக்கு இல்லை.

எஞ்சினிலும் இதே கணக்கு. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்களில் 8 குதிரைவலு சுமார் 27 கிலோ, 15 சுமார் 36 கிலோ, 25 ஏறக்குறைய 50 கிலோ. 40 குதிரைவலு எழுபது கிலோ வரும். நாளாந்தம் கழற்றி வீட்டுக்குக் கொண்டு போகிற பழக்கம் நம் கரையில் உண்டு; களவுக்குப் பயந்து அப்படித்தான் செய்ய வேண்டும். இரண்டு பேர் தூக்கி நடக்கக்கூடியது 15. கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணுவதிலும் அதே எல்லைதான். 40ஐ ஒரே இழுவையில் உயிர்ப்பிக்கப் பழகிய தோள் வேண்டும்.

எண்ணெய்க் கணக்கையும் இப்போதே போடுங்கள். 15 குதிரைவலு முழு வேகத்தில் மணிக்கு ஏழெட்டு லீற்றர் குடிக்கும். வாழைச்சேனையில் இருந்து கல்குடாவைச் சுற்றிப் பாலமீன்மடு கிட்ட வரைக்கும் ஏறக்குறைய 15 கடல் மைல், ஒன்றரை மணி நேர ஓட்டம். போக 11 லீற்றர், வர 11, கையிருப்பு 11, மொத்தம் 33. மூன்றில் ஒரு பங்கைத் தொடக்கூடாது. வழக்கமான 25 லீற்றர் டேங்க் ஒன்றோடு கிளம்புகிறவர் கையிருப்பு இல்லாமல் கிளம்புகிறார் என்று அர்த்தம்.

5. படகைப் பார்க்கும் முன் பத்திரத்தைப் பாருங்கள்

படகைக் கண்டு ஆசைப்பட்ட பிறகு பத்திரத்தில் உள்ள குறை சின்னதாகத் தெரியும். அதனால் பதிவுச் சான்றிதழின் பிரதியை முதலில் கேளுங்கள்.

மீன்பிடிப் படகுகள் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க கடற்றொழில், நீரியல் வளச் சட்டத்தின் கீழ் கடற்றொழில் திணைக்களத்தில் பதியப்படுகின்றன. விற்கிறவரின் பெயரும் சான்றிதழில் உள்ள பெயரும் ஒன்றா? படகில் எழுதியிருக்கும் இலக்கம் அதில் உள்ளதா? எஞ்சின் தொடர் இலக்கம் எஞ்சினைப் பூட்டும் பிடியில் தகட்டிலோ ஒட்டியோ இருக்கும். அது சுரண்டப்பட்டிருந்தால் பேச்சை நிறுத்திவிட்டு வாருங்கள். விலை எவ்வளவு இறங்கினாலும் சரி.

கடனுக்கு வாங்கிய படகா, சம்மாட்டியிடம் (மீனவருக்கு முன்பணம் கொடுக்கும் முதலாளி) முற்பணம் பட்ட படகா என்று கரையில் இரண்டு பேரிடம் விசாரியுங்கள். இப்படிப்பட்ட பாக்கி எந்தப் பத்திரத்திலும் எழுதியிராது, ஆனால் வாங்கிய மறுவாரம் உங்கள் வாசலுக்கு வரும்.

மீன் பிடிக்காமல் சும்மா ஓடவோ, ஆட்களை ஏற்றிக் காசு வாங்கவோ நினைத்தால் தேவைப்படும் அனுமதி வேறாகலாம். முற்பணம் கொடுக்கும் முன் உங்கள் பகுதிக் கடற்றொழில் பரிசோதகரைக் கண்டு கேளுங்கள்.

6. படகின் உடம்பு

இதற்கு ஒரு முழு மணி நேரம் ஒதுக்குங்கள். எஞ்சினை மாற்றலாம், மக்கின உடம்பை மாற்ற முடியாது.

முதலில் படகை வெறுமையாக்கச் சொல்லுங்கள். வலை, பெட்டி, பலகை எதுவும் உள்ளே இருக்கக்கூடாது. பிறகு கவிழ்க்கச் சொல்லுங்கள். “அதெல்லாம் தேவையில்ல மனே, அடியெல்லாம் நல்லா இருக்கு” என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். சிரித்துக்கொண்டே கவிழ்த்துவிடுங்கள்.

அடியில் தேய்வு வருவது நடுவரம்பிலும் (அடியின் நடுவே நீளமாக ஓடும் முதுகு) கடையாலிலும் (படகின் பின்பக்கம்). மணலில் இழுத்து இழுத்து மேற்பூச்சுப் போய், நூல் நூலாகப் பைபர் தெரியும். நூல் தெரிந்தால் தண்ணீர் உள்ளே ஊறத் தொடங்கிவிட்டது. நனைந்த பைபருக்கு மேல் ரெசின் (பைபரை ஒட்டும் பசை) பிடிக்காது. நன்றாகக் காயவிட்டுத்தான் ஒட்டு வேலை செய்ய வேண்டும். அவசரத்தில் பூசிய ஒட்டு ஒரு பருவத்தில் தோல் உரிவதுபோல் கழன்று வரும்.

அடுத்தது குற்றிச் சோதனை. ஒரு சாண் இடைவெளியில் அடி முழுவதையும் குற்றியால் தட்டுங்கள். கட்டியான இடம் ‘டிக்’ என்று கூராகச் சத்தம் தரும். படை விட்ட இடமும் ஊறிய இடமும் ‘தொப்’ என்று மந்தமாகக் கேட்கும். மந்தமான இடத்தைச் சோக்கால் வட்டம் போடுங்கள். முடிவில் வட்டங்களைத் தூர நின்று பாருங்கள். அங்கொன்று இங்கொன்று என்றால் ஒட்டு வேலை. எல்லாம் ஒரே வரியில் சேர்ந்து கிடந்தால் அந்த வரியில் படகு முறிந்து வருகிறது.

வெடிப்பில் இரண்டு வகை. சிலந்திவலை போல மேலோட்டமாகக் கிடப்பது பூச்சின் வயது, பயமில்லை. ஒரு மூலையில் தொடங்கி நேராக ஓடுவது, விளிம்பை அழுத்தினால் வாய் திறப்பது, பாரம் தாங்காத வெடிப்பு. இருக்கைப் பலகை உடம்போடு சேரும் மூலைகளை டோர்ச் அடித்துப் பாருங்கள்.

புதிதாகப் பெயின்ட் அடித்த படகு என்றால் எனக்குச் சந்தேகம்தான் முதலில் வரும். விற்க வைத்த படகுக்கு ஏன் செலவழித்தார்? பெயின்டுக்குக் கீழே பட்டி பூசியிருந்தால் குற்றி காட்டிக் கொடுக்கும்.

அணியத்திலும் (படகின் முன்பக்கம்) இருக்கைக்குக் கீழேயும் உள்ள மூடிய பெட்டிகளில்தான் மிதக்க வைக்கும் நுரை இருக்கும். பல வருடம் ஊறிய நுரை படகை மிதக்க விடாமல் பாரமாக இழுக்கும். அணியத்தைத் தூக்கி இறக்கி, உள்ளே தண்ணீர் சளசளக்கிறதா என்று கேளுங்கள். 19 அடிப் படகின் அணியத்தை இரண்டு ஆண்கள் சிரமப்பட்டாவது தூக்க வேண்டும். அசையவே இல்லை என்றால் நுரை தண்ணீர் குடித்திருக்கிறது.

2004 சுனாமிக்குப் பிறகு இழந்த படகுகளுக்குப் பதிலாக அவசர அவசரமாக நிறையப் படகுகள் வார்க்கப்பட்டன. புதிதாகத் தொடங்கிய வேலைத்தளங்களும் அப்போது இருந்தன. எல்லாப் படகும் ஒரே தரத்தில் வரவில்லை. இன்னும் ஓடுகிறவற்றில் நல்லவையும் உண்டு. அந்தக் காலத்துப் படகு என்றால் பக்கச் சுவரை இரண்டு கையாலும் அழுத்திப் பாருங்கள். தகரம் போல உள்ளே போய் வந்தால் மெல்லிசாக வார்த்தது.

7. எஞ்சின் பலகை

நான் ஏமாந்த இடம். கடையாலில் எஞ்சினைப் பூட்டுகிற அந்தத் தடித்த பகுதிக்குள் பலகை இருக்கும், வெளியே பைபர் மூடியிருக்கும். ஆணித் துளை வழியாகத் தண்ணீர் இறங்கினால் வெளியே அழகாகவும் உள்ளே சகதியாகவும் இருக்கும்.

எஞ்சின் பூட்டியிருக்கும்போதே அதன் கீழ்க்காலைப் பிடித்து மேலும் கீழுமாக அழுத்துங்கள். மனைவி பலகையின் மேல் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். விளிம்பு ஒரு நூல் அசைந்தாலும் பலகை போய்விட்டது. பிறகு எஞ்சினைக் கழற்றி, திருகு அழுத்தின இடத்தில் குழி விழுந்திருக்கிறதா, துளையில் இருந்து கபில நிறத் தண்ணீர் கசிகிறதா என்று பாருங்கள்.

பலகையின் உயரத்தை அளந்து எஞ்சினின் கால் நீளத்தோடு ஒப்பிடுங்கள். குட்டைக் கால் 15 அங்குலப் பலகைக்கு, நெட்டைக் கால் 20 அங்குலத்துக்கு. புரொப்பெல்லருக்கு மேலே உள்ள தட்டு படகின் அடிமட்டத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். எஞ்சினும் படகும் வேறு வேறு ஆட்களிடம் வாங்கிச் சேர்த்திருந்தால் இது பொருந்தாமல் இருக்கும். தட்டு மேலே நின்றால் அலையில் எஞ்சின் வெறுமனே அலறும், படகு நகராது.

8. எஞ்சின், கரையில் வைத்து

போனவுடன் எஞ்சின் தலையில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன் யாரோ ஓட்டி வைத்திருக்கிறார்கள். குளிரில் ஸ்டார்ட் எடுக்காத எஞ்சினுக்குச் செய்கிற வேலை அது. ஆற விட்டுத் தொடங்குங்கள்.

கியர் ஒயிலைப் பார்க்க, எஞ்சின் இரவு முழுக்க நிமிர்ந்து நின்றிருக்க வேண்டும். கீழ்த் திருகை மெல்லத் தளர்த்திப் போத்தலைப் பிடியுங்கள். தண்ணீர் இருந்தால் ஒயிலுக்கு முன் அதுதான் சொட்டும். ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தால் சீல் போயிருக்கிறது. துணியில் தேய்த்தால் மின்னும் துகள் தெரிந்தால் பற்சக்கரம் தேய்கிறது. சீல் மாற்றலாம், பற்சக்கரச் செலவு பெரிது.

பிளக் எல்லாவற்றையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒரே நிறமாக இருக்க வேண்டும். ஒன்று கபிலம், ஒன்று ஈரக் கறுப்பு என்றால் ஒரு சிலிண்டர் சரியாக எரிவதில்லை. சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் மானி வைத்திருக்கிற மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப் போனால் நல்லது. சிலிண்டர்களுக்கு இடையில் பத்துச் சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் விடுங்கள்.

தண்ணீர்ப் பீப்பாய்க்குள் எஞ்சினின் கீழ்க்காலை வைக்காமல் ஸ்டார்ட் பண்ண விடாதீர்கள். தண்ணீர் இல்லாமல் சில நொடி சுற்றினாலே இம்பெல்லர் (எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் இழுக்கும் ரப்பர்ச் சக்கரம்) கருகும். ஓடத் தொடங்கியதும் பின்பக்கத் துவாரத்தால் தண்ணீர் பீச்ச வேண்டும். நூல் போல ஒழுகினால் இம்பெல்லர் தேய்ந்திருக்கும், அல்லது உள்வழிகளில் உப்பு அடைத்திருக்கும்.

மண்ணெண்ணெயில் ஓடுகிற எஞ்சின் என்றால் பெற்றோலில் ஸ்டார்ட் எடுத்து, சூடானபின் மாற்றி, நிறுத்தும் முன் மறுபடி பெற்றோலுக்குக் கொண்டு வருவார்கள். விற்கிறவர் இதை எப்படிச் செய்கிறார் என்று பேசாமல் பாருங்கள். கடைசி மாற்றத்தைச் செய்யாமல் நிறுத்தினால் எஞ்சினை அவர் எப்படி வைத்திருந்தார் என்று விளங்கிவிடும்.

9. தண்ணீரில் இறக்கி

ஓட்டிப் பார்க்க விடாத படகை வாங்க வேண்டாம். முதல் பத்து நிமிடம் விற்கிறவர் ஓட்டட்டும், நீங்கள் அடியைப் பாருங்கள். ஈரம் எந்த மூலையில் இருந்து ஊர்கிறது என்று அப்போது தெரியும்.

அடுத்து நீங்கள். கடையாலில் ஒருவர் மட்டும் இருந்தால் அணியம் வானத்தைப் பார்க்கும், முன்னால் வருவது தெரியாது. மற்றவர் நடுவிலிருந்து சற்று முன்னுக்கு இருந்தால்தான் படகு தட்டையாக ஓடும். இருவரும் இடம் மாறிப் பாருங்கள். முழு வேகத்தில் எஞ்சின் அலறியும் படகு வேகம் ஏறவில்லை என்றால் புரொப்பெல்லரின் நடுவில் உள்ள ரப்பர் வழுக்குகிறது.

கடைசிச் சோதனை மனைவியினது. கரை தெரிகிற அமைதியான இடத்தில், லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, மூடிய வெறும் பிளாஸ்டிக் கான் ஒன்றைத் தண்ணீரில் எறியுங்கள். அந்தக் கான்தான் நீங்கள். வாயைத் திறக்காமல் அணியத்தில் இருங்கள். அவ எஞ்சினை நிறுத்தி, தானே கயிறு இழுத்து ஸ்டார்ட் எடுத்து, திருப்பி, காற்றை எதிர்த்து மெதுவாகக் கிட்ட வந்து, கானைப் பக்கத்தில் எடுக்கும்போது எஞ்சினை நிறுத்தியிருக்க வேண்டும். பிறகு கரைக்குக் கொண்டு வர வேண்டும்.

மூன்று முறை முயன்றும் கயிறு இழுபடவில்லை என்றால் அவவில் குறையில்லை, எஞ்சின் பெரிது. சிறியதற்கு மாற்றிக் கேளுங்கள். இந்தச் சோதனையைச் செய்ய வெட்கப்பட்டு, ‘அவ ஏன் ஓட்டப் போறா’ என்று சொல்லி வாங்கியவர்கள் உண்டு. அவர்களுடைய படகில் கடலுக்குப் போவது ஒருவர்தான், மற்றவர் பயணி.

ஓட்டுகிறவர் உடம்பில் கொளுவிக்கொள்ளும், அவர் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் சுருள் கயிறு வேலை செய்கிறதா என்றும் அங்கேயே இழுத்துப் பாருங்கள். பழைய எஞ்சின்களில் அதைக் கழற்றி எறிந்துவிட்டு நேரே இணைத்திருப்பார்கள். ஓட்டுகிறவர் விழுந்தால் படகு தன்பாட்டில் வட்டம் போடும்.

10. விலையும் பெயர் மாற்றமும்

சோக்கு வட்டங்கள், ஒயில் போத்தல், பிளக் ஆகிய மூன்றையும் முன்னால் வைத்துக்கொண்டு பேசுங்கள். குறையைக் கையில் காட்டிக் கேட்கிற விலைக்கு விற்கிறவர் கோபிப்பதில்லை. கையில் உள்ள காசில் ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கிவிட்டு மீதிக்குள் முடியுங்கள். கயிறு, நங்கூரம், இம்பெல்லர், எரிபொருள் குழாய், அதில் கையால் அழுத்தும் ரப்பர்ப் பல்பு இவையெல்லாம் முதல் மாதமே வாங்க வேண்டி வரும்.

முற்பணம் கொடுத்தால் எழுதி வாங்குங்கள், இரண்டு சாட்சியோடு. மீதியைக் கடற்றொழில் அலுவலகத்தில் பெயர் மாற்றப் பத்திரம் கொடுக்கிற அன்று கொடுங்கள். முடிந்தால் படகை இருவர் பெயரிலும் பதியக் கேட்டுப் பாருங்கள். வருடாந்த அனுமதி எப்போது முடிகிறது என்றும் அன்றைக்கே குறித்துக்கொள்ளுங்கள்.

11. முதல் பத்து ஓட்டம்

முதல் ஐந்தும் வாவிக்குள். கடலுக்குள் போவது ஆறாவதில், அதுவும் விடியலில், மத்தியானக் காற்று எழும்பும் முன் திரும்புகிற கணக்கில்.

ஒயில் கலவை வழக்கமான எஞ்சினுக்கு ஐம்பதுக்கு ஒன்று, அதாவது லீற்றருக்கு 20 மில்லி. கரையில் சிலர் ‘கூட ஊத்து, பாதுகாப்பு’ என்பார்கள். கூடினால் பிளக் கறுக்கும், நடுக்கடலில் நிற்கும். ஒவ்வொரு கடல் ஓட்டத்துக்குப் பிறகும் நல்ல தண்ணீரில் ஐந்து நிமிடம் ஓட விடுங்கள்.

மூடியுள்ள ஒரு வாளியில் உபரிப் பிளக், சாவி, கத்தி, ஸ்டார்ட் கயிறு, டோர்ச், விசில், குடிதண்ணீர் எப்போதும் இருக்கட்டும். கடையாலில், எஞ்சினுக்குப் பக்கத்தில், தண்ணீருக்குள் ஒரு முழம் தொங்குகிற அளவில் கண்ணி போட்ட கயிறு ஒன்றைச் சுருட்டிக் கட்டி வையுங்கள். விழுந்தவர் அதில் கால் வைத்துத்தான் ஏற முடியும். நனைந்த ஆளை விளிம்பால் தூக்கி எடுக்க மனைவியாலும் முடியாது, உங்களாலும் முடியாது. வாவியில் இடுப்பளவு தண்ணீரில் இருவரும் ஒருமுறை ஏறிப் பாருங்கள். கண்ணி உயரம் சரியில்லாவிட்டால் அங்கேயே நின்று அவிழ்த்துக் கட்டலாம்.